சர்வர் கையில் வந்தாச்சு: எந்த இயங்குதளம் போடுவது?

அலுவலகங்கள் கழித்துவிடும் டெல், எச்பிஇ சர்வர்கள் சிங்கப்பூரின் கரோசல் விற்பனைத் தளத்தில் வந்தபடியே இருக்கின்றன. வாங்கியவர் முதலில் கேட்பது, "உபுண்டுவா, ராக்கியா, விண்டோசா?" என்பதுதான். முதலிரண்டும் லினக்ஸ் வகைகள். கேள்வி தலைகீழாக இருக்கிறது. சர்வரைப் பொறுத்தவரை பிராசசர், டிஸ்க் கன்ட்ரோலர், பூட் முறை இம்மூன்றும் எவையெவை ஆகாது என்று முதலில் கழித்துவிடும். மிஞ்சியதில்தான் நம் விருப்பத்துக்கு இடம். அந்தக் கழித்தலை ஒழுங்காகச் செய்தால் நிறுவிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி வராமலே போகும்.

முதலில் பட்டியல்

நிறுவாமலே ஓடும் டெபியன் 13 லினக்ஸின் லைவ் பதிப்பை ஒரு யுஎஸ்பியில் எழுதி, டிஸ்க்குகளைத் தொடாமல் சர்வரைக் கிளப்புங்கள். டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' கட்டளை பிராசசரின் முழுப் பெயரைத் தரும். ஸியான் ஈ5-2650 என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதாது, பின்னால் வரும் வி2, வி3 எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அடுத்து 'எல்எஸ்பிசிஐ -என்என்கே'. ஒவ்வொரு கார்டின் பெயரும், 1000:0073 போன்ற அடையாள எண்ணும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதற்கு எந்த டிரைவரைப் பயன்படுத்துகிறது என்பதும் வரும். ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்துக் காட்டும் கன்ட்ரோலர்), நெட்வொர்க் கார்டு, ஜிபியு மூன்றின் எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் பகுதி, டெல் என்றால் ஐடிராக், எச்பிஇ என்றால் ஐலோ: அதன் ஃபர்ம்வேர் பதிப்பும் லைசென்ஸ் வகையும் பட்டியலில் இருக்கட்டும்.

விற்பவர் சொல்லும் மாடல் பெயர் மட்டும் போதாது. டெல்லின் ஒரே ஆர்720 பெட்டி எச்310, எச்710, எச்710பி என்று வெவ்வேறு ரெய்டு கார்டுகளோடு வந்தது. இவற்றில் ஒன்றுக்குச் சரிப்படும் இயங்குதளம் மற்றொன்றில் டிஸ்க்கையே காட்டாது.

பிராசசர் போடும் கோடு

இன்டெல், ஏஎம்டி 64 பிட் பிராசசர்களுக்கான எக்ஸ்86-64 என்ற ஒரே பெயருக்குள் இன்று வி1 முதல் வி4 வரை நான்கு படிகள் இருக்கின்றன. படி ஏற ஏறப் பிராசசர் அறிந்திருக்க வேண்டிய கட்டளைகள் கூடும். ஸியான் பெயரில் வரும் வி2, வி3 வேறு, இந்தப் படிகள் வேறு. ரெட் ஹேட் லினக்ஸ் 9 கேட்பது வி2 படி. 2008இல் வந்த நெஹாலம் முதலான இன்டெல் ஸியான்கள் எல்லாம் இதைத் தாண்டிவிடும். 2025 மே மாதம் வந்த ரெட் ஹேட் 10 வி3 படியைக் கேட்கிறது. அதற்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி வேண்டும், அதாவது இன்டெலில் ஹாஸ்வெல் தலைமுறை முதல். ரெட் ஹேட்டை ஒட்டி உருவாகும் ராக்கி 10க்கும் இதே நிபந்தனைதான்.

நடைமுறையில் கோடு விழும் இடம் தெளிவானது. டெல் ஆர்720, எச்பி டிஎல்380பி ஜென்8 ஆகியவற்றில் ஈ5 வி1, வி2 பிராசசர்கள். ரெட் ஹேட் 10 ஓடாது. ஆர்730, டிஎல்380 ஜென்9 ஆகியவற்றில் வி3, வி4. பிராசசர் அளவில் தடையில்லை. ஏஎம்டி எபிக் எதுவானாலும் சரி.

வயதை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 2020இல் வந்த எச்பிஇ மைக்ரோசர்வர் ஜென்10 பிளஸ், பென்டியம் ஜி5420 பிராசசரோடும் விற்கப்பட்டது. அந்தப் பென்டியத்தில் ஏவிஎக்ஸ் கிடையாது. ஆறு வயது முதிர்ந்த ஈ5 வி3 ஏற்றுக்கொள்வதை அது ஏற்காது. 'எல்எஸ்சிபியு' தரும் கொடிப் பட்டியலில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதே நம்பகமான வழி. படி போதாவிட்டால், பிராசசர் இந்தப் படியை ஆதரிக்கவில்லை என்று லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி ஒரு வரி எழுதும், உடனே கெர்னல் பேனிக், அதாவது இயங்குதளம் அப்படியே நின்றுவிடும். ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி மறுபடி மறுபடி பதிவிறக்குபவர்கள் உண்டு. ஐஎஸ்ஓவில் பிழையில்லை.

ரெட் ஹேட் குடும்பமே வேண்டும், ஆனால் பிராசசர் பழையது என்றால் ஆல்மாலினக்ஸ் 10 வி2 படிக்கென்றே தனிப் பதிப்பு வெளியிடுகிறது. கூடுதல் மென்பொருள் களஞ்சியமான ஈபெல்லின் தொகுப்புகளையும் அவர்களே வி2க்குக் கட்டித் தருகிறார்கள். ஆனால் மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் ரெட் ஹேட் 10க்கு வெளியிடும் ஆர்பிஎம் மென்பொருள் தொகுப்புகள் வி3க்குக் கட்டப்பட்டவையாக இருக்கலாம், அவை இதில் ஓடாது. வணிக மென்பொருள் ஏதும் ஓட்டவேண்டியிருந்தால் ஆல்மா 9இல் நிற்பதே நல்லது. அதற்கு 2032 மே வரை ஆதரவு உண்டு. டெபியன் 13, உபுண்டு 24.04 இரண்டும் இன்னும் முதல் படியிலேயே இருப்பதால் எந்த 64 பிட் ஸியானிலும் ஓடும்.

இதே சிக்கல் மெய்நிகர் கணினிக்குள்ளும் வரும். மெய்நிகர் கணினிகளை (விஎம்) நடத்தும் இயங்குதளமான பிராக்ஸ்மாக்ஸ் 8 முதல், புதிதாக உருவாக்கும் விஎம்முக்கு வி2 படியிலான பிராசசர் வகைதான் இயல்பாக அமைகிறது. கீழே இருக்கும் சர்வர் புத்தம் புது எபிக் ஆனாலும், ரெட் ஹேட் 10 விஎம் பேனிக் ஆகி நிற்கும். பிராசசர் வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றினால் தீர்ந்தது. வெவ்வேறு தலைமுறை சர்வர்களுக்கு இடையே விஎம்மை ஓடும்போதே நகர்த்தும் ஏற்பாடு இருந்தால் மட்டும் 'ஹோஸ்ட்' வேண்டாம். எல்லா சர்வர்களுக்கும் பொதுவான படியைப் போடுங்கள்.

டிஸ்க் கன்ட்ரோலர்: பாதிப் பேர் விழும் குழி

நிறுவல் நன்றாகத் தொடங்கும். டிஸ்க் தேர்வுத் திரைக்கு வந்தால் ஒன்றுமே இருக்காது. கார்டு பழுது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகும் முன் அடையாள எண்ணைப் பாருங்கள்.

ரெட் ஹேட் 8இலிருந்து பழைய கார்டுகள் பலவற்றை டிரைவரின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். டிரைவர் நிரல் கெர்னலில் இருக்கிறது, ஆனால் இந்த எண்ணுள்ள கார்டைத் தொடாதே என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். நீக்கப்பட்டவற்றில் 1000:0072 எண்ணுள்ள எஸ்ஏஎஸ்2008 எச்பிஏ (ரெய்டு இல்லாமல் டிஸ்க்குகளை நேரடியாகக் காட்டும் கார்டு), 1000:0073 எண்ணுள்ள டெல்லின் பெர்க் எச்310, 1000:0079 எண்ணுள்ள பெர்க் எச்700 ஆகியவை அடக்கம். பழைய சர்வர் சந்தையில் அதிகம் புழங்குபவை இவைதான்.

வழிகள் மூன்று, எங்கள் பரிந்துரை இதே வரிசையில். முதலாவது, டெபியன், உபுண்டு, பிராக்ஸ்மாக்ஸ் மூன்றில் ஒன்றுக்குப் போவது. இந்த எண்கள் அங்கே நீக்கப்படவில்லை. இரண்டாவது ஆல்மா: 2024 மே மாதம் வந்த 9.4இல் நீக்கப்பட்ட கார்டுகள் பலவற்றைத் திருப்பிச் சேர்த்தார்கள், 8.10இலும் அப்படியே. மூன்றாவது, ஈஎல்ரெப்போ என்ற மூன்றாம் தரப்பு டிரைவர் களஞ்சியம் தரும் டிரைவர் டிஸ்க்கை நிறுவும்போது 'இன்ஸ்ட்.டிடி' என்ற பூட் விருப்பம் வழியாகக் கொடுப்பது.

மூன்றாவது வழி ஏன் கடைசியில் இருக்கிறதென்றால், அது நிறுவும் அன்று வேலை செய்யும், ஆறு மாதம் கழித்து உடையும். 9.5இலிருந்து 9.6க்குப் போவதுபோல் சிறு பதிப்பு மாறும்போது புதுக் கெர்னலுக்குப் பழைய டிரைவர் பொருந்தாமல் போகலாம். மறுதொடக்கத்தில், இயங்குதளம் இருக்கும் ரூட் டிஸ்க் காணாமல் போய், டிராக்கட் அவசர ஷெல் என்ற கட்டளைத் திரையில் நிற்கும். கிரப் என்ற பூட் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் மீளலாம், ஆகவே பழைய கெர்னல்களை ஒருபோதும் துடைக்காதீர்கள். புது டிரைவர் வந்ததை உறுதிசெய்த பிறகே கெர்னல் புதுப்பிப்பு என்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கினால் ஈஎல்ரெப்போவின் சாவியையும் பதிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் கெர்னல் அந்த டிரைவரை ஏற்காது.

டிஸ்க்குகளைத் தானே நிர்வகிக்கும் ஜெட்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் போடப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. ஜெட்எஃப்எஸ்ஸுக்கு டிஸ்க்குகள் நேரடியாகத் தெரிய வேண்டும். நடுவில் ரெய்டு கார்டு இருக்கக்கூடாது. ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்டு 0 ஆக்கிக் காட்டும் குறுக்குவழி பலரால் செய்யப்படுகிறது, அதைச் செய்யாதீர்கள். கார்டின் கேஷ் எழுத்து வரிசையை மறைக்கும். டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் விவரம் நேராக வராது. டிஸ்க் மாற்றும்போது கார்டு மென்பொருளுக்குள் போய்ப் புதிதாக ரெய்டு 0 உருவாக்கவேண்டியிருக்கும். பெர்க் எச்730இல் எச்பிஏ முறை இருக்கிறது, மாற்றினால் போதும். எச்310இன் ஃபர்ம்வேரை, எச்பிஏவாக மட்டும் இயங்கும் ஐடி முறைக்கு மாற்றி எழுதலாம். எச்பி பி420ஐ கார்டிலும் எச்பிஏ முறை உண்டு, ஆனால் அதற்கு மாற்றியபின் அதில் மாட்டிய டிஸ்க்கிலிருந்து சர்வர் பூட் ஆகாது. டிவிடி டிரைவுக்கான சாட்டா முனையில் சிறிய எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, இயங்குதளத்தை அதில் வைப்பதே எளிய வழி.

மலிவான மாடல்களில் வரும் மென்பொருள் ரெய்டையும் சொல்லவேண்டும். எச்பிஇயின் எஸ்100ஐ விண்டோசுக்கு மட்டும். லினக்ஸ் போடுவதென்றால் பயாஸில், டிஸ்க்குகளை நேரடியாகக் காட்டும் ஏஎச்சிஐ முறைக்கு மாற்றிவிட்டு, லினக்ஸின் சொந்த எம்டி ரெய்டையோ ஜெட்எஃப்எஸ்ஸையோ பயன்படுத்துங்கள். மாற்றும் முன் பழைய தரவை எடுத்துவைத்துவிடுங்கள், முறை மாறினால் பழைய தொகுதி படிக்க வராது. புதிய இன்டெல் சர்வர்களில், என்விஎம்இ டிஸ்க்குகளைத் தனியே நிர்வகிக்கும் விஎம்டி வசதி இயங்கிக்கொண்டிருந்தால் விண்டோஸ் நிறுவலில் என்விஎம்இ டிஸ்க்குகள் தெரியாமல் போகலாம். டிரைவரை ஏற்றவேண்டும், அல்லது அதன்மீது இயங்கும் இன்டெலின் விராக் ரெய்டு தேவையில்லை என்றால் விஎம்டியையே அணைத்துவிடலாம்.

பூட் முறை

முடிந்தவரை, புதிய பூட் முறையான யுஇஎஃப்ஐ. பழைய பயாஸ் முறையில் விண்டோஸ் ஜிபிடி (புதிய வகைப் பகுதி அட்டவணை) டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது, பழைய வகையான எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எட்டாது. லினக்ஸ் பயாஸ் முறையிலும் ஜிபிடியிலிருந்து பூட் ஆகும். அதற்கு 1 எம்பி பயாஸ் பூட் பகுதி ஒன்றை ஒதுக்கினால் போதும்.

ஆர்720 போன்ற பெட்டியில் பிசிஐஇ அடாப்டர் வைத்து என்விஎம்இ மாட்டினால் இயங்குதளத்துக்கு அது தெரியும், ஆனால் ஃபர்ம்வேருக்குத் தெரியாது. எனவே அதிலிருந்து பூட் ஆகாது. பூட் பகுதியையும், யுஇஎஃப்ஐ தேடிப் படிக்கும் ஈஎஃப்ஐ பகுதியையும் ஒரு சாட்டா எஸ்எஸ்டியிலோ உள் யுஎஸ்பியிலோ வைத்து, ரூட்டை மட்டும் என்விஎம்இயில் வையுங்கள். இந்தப் பிரிப்பை லினக்ஸ் எளிதாக ஏற்கும். விண்டோசில் இதற்காக மல்லுக்கட்டுவது வீண் வேலை.

இரண்டு டிஸ்க்கை மிர்ரர் செய்தவர்கள் கவனிக்காமல் விடுவது ஈஎஃப்ஐ பகுதி. அது மிர்ரருக்குள் வராது. முதல் டிஸ்க் செத்த அன்று தரவு பத்திரமாக இருக்கும், சர்வர் மட்டும் எழாது. உபுண்டு சர்வர் நிறுவியில் இரண்டாவது டிஸ்க்கையும் பூட் சாதனமாகச் சேர்க்கும் வாய்ப்பு உண்டு. பிராக்ஸ்மாக்ஸ், ஜெட்எஃப்எஸ் மிர்ரரில் நிறுவினால் இரண்டு ஈஎஃப்ஐ பகுதிகளையும் தானே ஒத்திசைத்து வைத்திருக்கும். டெபியனில் கையால் செய்யவேண்டும்.

நெட்வொர்க்

இன்டெல் 1 ஜிபிட் கார்டுகள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஆர்710 காலத்துப் பிராட்காம் சிப்புகளுக்குத் தனி ஃபர்ம்வேர் வேண்டும். டெபியன் 12 முதல் அது நிறுவியிலேயே வருவதால் பழைய தலைவலி போய்விட்டது. மெலனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 மலிவாகக் கிடைக்கிறது என்று 10 ஜிபிட்டுக்கு வாங்குகிறார்கள்: டெபியனில் கெர்னலின் டிரைவரே போதும், ஆனால் விஎம்வேரின் மெய்நிகர் கணினித் தளமான ஈஎஸ்எக்ஸ்ஐ 8இல் அந்த டிரைவர் எடுக்கப்பட்டுவிட்டது. ஈஎஸ்எக்ஸ்ஐ 7லேயே பழைய விஎம்கேலினக்ஸ் டிரைவர்கள் முழுதுமாகப் போயின. பழைய சர்வரில் ஈஎஸ்எக்ஸ்ஐயைப் புதிதாகத் தொடங்க இன்று காரணமில்லை.

ஜிபியு இருந்தால்

இங்கே ஜிபியுதான் முதலாளி. டெஸ்லா கே80க்கு என்விடியாவின் 470 வரிசை டிரைவரே கடைசி, அது புதிய கெர்னல்களில் கட்டமைய மறுக்கும். உபுண்டு 22.04ஐ அதன் 5.15 கெர்னலோடு போட்டு, அங்கேயே நிறுத்திவிடுங்கள். பி40, பி100, வி100 ஆகியவற்றுக்கு 580 கடைசி வரிசை. ஜிபியுவில் கணக்கிட உதவும் என்விடியாவின் மென்பொருள் கூடா 13 இவற்றை விட்டுவிட்டது, எனவே கூடா 12 தான்.

என்விடியா டிரைவரில் திறந்த மூலக் கெர்னல் மாட்யூலா, மூடியதா என்பதிலும் தவறு நடக்கிறது. திறந்த மாட்யூல் டூரிங் என்ற ஜிபியு தலைமுறையிலிருந்துதான் வேலை செய்யும். பி40இல் அதைப் போட்டால் மாட்யூல் ஏறும், கார்டு தெரியாது. பிளாக்வெல் கார்டுகளுக்கு நேரெதிர்: திறந்த மாட்யூல் மட்டுமே.

சர்வர் புத்தம் புதிதென்றால்

பழைய சர்வரில் டிரைவர் நீக்கப்பட்டிருக்கும், புதியதில் இன்னும் சேர்ந்திருக்காது. அணிக் கணக்குகளை வேகப்படுத்தும் இன்டெல் ஏஎம்எக்ஸ் வசதிக்கான ஆதரவு லினக்ஸ் 5.16இல்தான் வந்தது. அதற்கு முந்தைய 5.15 கெர்னலில் அந்த வசதியுள்ள சஃபைர் ரேப்பிட்ஸ் பிராசசர் ஓடும், ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த வசதி கிடைக்காது. ரெட் ஹேட்டில் மட்டும் கெர்னல் எண்ணை வைத்து முடிவுகட்ட வேண்டாம், புதிய வன்பொருள் ஆதரவைப் பழைய எண்ணுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் வழக்கம். அவர்களின் சான்றளிக்கப்பட்ட வன்பொருள் பட்டியலில் உங்கள் மாடலும் எந்தச் சிறு பதிப்பு முதல் என்பதும் இருக்கும். உபுண்டு 24.04இல் நிறுவி தொடங்கும் திரையிலேயே எச்டபிள்யூஇ கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். 6.8க்குப் பதில் அதைவிடப் புதியது வரும்.

96 கோர் எபிக் இரண்டு மாட்டினால் 384 த்ரெட். 255ஐத் தாண்டிவிட்டால் பயாஸில் எக்ஸ்2ஏபிக், ஐஓஎம்எம்யூ என்ற அமைப்புகள் இரண்டும் இயங்க வேண்டும். இல்லையேல் இயங்குதளம் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தாது.

விண்டோஸ் சர்வர் தேவைப்படுவோர் வாங்கும் முன்பே கோர்களை எண்ணுங்கள். லைசென்ஸ் கோர் கணக்கில். ஒரு பிராசசருக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16. ஸ்டாண்டர்ட் பதிப்பில் எல்லாக் கோர்களுக்கும் ஒருமுறை லைசென்ஸ் எடுத்தால் இரண்டு விஎம். சிறிய அலுவலகத்துக்கு 64 கோர் பெட்டியை மலிவாக வாங்கிவிட்டு நான்கு மடங்கு லைசென்ஸ் கட்டுவதில் அர்த்தமில்லை. வேகமான 16 கோர் ஒன்றே நல்ல தேர்வு.

எவ்வளவு காலத்துக்கு?

சர்வரை எத்தனை ஆண்டு ஓட்டுவீர்கள் என்று முதலில் முடிவுசெய்து, அதற்குக் குறையாத ஆதரவுள்ளதை எடுங்கள். உபுண்டு 24.04க்கு வழக்கமான ஆதரவு 2029 வரை. ரெட் ஹேட் 9, 2032 வரை. விண்டோஸ் சர்வர் 2016, 2027 ஜனவரியோடு முடிகிறது, 2022 பதிப்பு 2031 அக்டோபரில். ரெட் ஹேட் குடும்பத்துச் சென்ட்ஓஎஸ் 7, 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. அதிலேயே இன்னும் ஓடும் பெட்டிகளை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது ஆபத்து. நிதித் துறைக்கு வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்: சிங்கப்பூர் நாணய ஆணையம் 2021இல் வெளியிட்ட தொழில்நுட்ப இடர் நிர்வாக வழிகாட்டி, ஆதரவு முடிந்த வன்பொருளையும் மென்பொருளையும் தவிர்க்கச் சொல்கிறது. அங்கே ஆர்720ஐ எந்த இயங்குதளம் போட்டும் காப்பாற்ற முடியாது.

வீட்டிலா, டேட்டா சென்டரிலா

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வைப்பதானால் மின்கட்டணமும் தேர்வைப் பாதிக்கும். சுவர் மீட்டரில் 200 வாட் காட்டும் பெட்டி மாதம் 144 யூனிட் எடுக்கும். யூனிட் 30 காசு என்று வைத்தால் 43 வெள்ளிக்கு மேல். பயாஸில் மின்சக்தி அமைப்பை 'அதிகபட்சத் திறன்' என்பதிலிருந்து, இயங்குதளமே நிர்வகிக்கும் முறைக்கு மாற்றுங்கள். டெல்லில் 'வாட்டுக்கேற்ற திறன்' என்ற பெயரில் இரண்டு வகை இருக்கும், ஓஎஸ் என்று குறித்திருப்பதை எடுங்கள். நம் ஊர் 31, 32 டிகிரி வெயிலில் ஏர்கான் இல்லாத ஸ்டோர்ரூமுக்குள் அடைத்தால் காற்றாடி எந்த இயங்குதளத்திலும் அலறத்தான் செய்யும்.

டேட்டா சென்டருக்கு அனுப்புவதானால் நேரில் போய்த் தட்டமுடியாது என்பதை வைத்து யோசியுங்கள். ஐலோவின் முழுத் தொலைத்திரைக்கும் ஐடிராக்கின் மெய்நிகர் திரைக்கும் கூடுதல் லைசென்ஸ் வேண்டும். அது இல்லையென்றால் நிறுவல், மறுதொடக்கச் சோதனை எல்லாம் முடித்த பிறகே பெட்டியை அனுப்புங்கள். கிரப்பிலும் கெர்னலிலும் சீரியல் கன்சோலை இயக்கிவைத்தால், நெட்வொர்க் போனாலும் மேலாண்மை முனை வழியாக உள்ளே வரலாம். இந்த வகையில் லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் விண்டோசைவிடக் கை கொடுக்கும்.

தரவு ஏற்றும் முன் ஒரு நாள்

தேர்ந்தெடுத்ததை நிறுவியதும் உடனே பயன்பாட்டுக்கு விடாதீர்கள். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இரவு முழுதும் ஓடட்டும். எல்லாப் புதுப்பிப்புகளையும் போட்டு, மின்இணைப்பையும் பிடுங்கி, மூன்று முறை எழுப்புங்கள். நெட்வொர்க் கார்டின் பெயர் புதுக் கெர்னலில் மாறி, இணைப்பு அறுவது இங்கேதான் தெரியவரும். டிஸ்க் சோதனைக் கருவியான ஃபியோவை ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கெர்னல் பதிவில் கன்ட்ரோலர் ரீசெட் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட் விவரம் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியே வருகிறதா? ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு 'ஸ்மார்ட்சிடிஎல் -டி மெகாரெய்டு' என்று போட்டு டிஸ்க் எண்ணையும் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மிர்ரரின் முதல் டிஸ்க்கை உருவிவிடுங்கள். அந்த நிலையிலேயே அணைத்து, மறுபடி கிளப்புங்கள். எழுந்துவிட்டால் டிஸ்க்கைத் திருப்பி மாட்டி, மறுகட்டமைப்பு முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகு தரவை ஏற்றலாம். எழவில்லை என்றால் பெரும்பாலும் அந்த ஈஎஃப்ஐ பகுதிதான்.